ஸ்வீடிஷும் நார்வேஜியனும் ஒலிக்குறிகளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடனுக்கோ நார்வேக்கோ படிக்கவும் வேலை பார்க்கவும் போகிறவர்கள், அங்கேயே பல வருடம் இருந்தும் உச்சரிப்புக்காகச் சொந்தப் பிள்ளைகளிடம் திட்டு வாங்குகிறவர்கள், மொழியியல் மாணவர்கள். இந்த மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் இவை. குறிகளை அப்படியே அச்சிடாமல் உருவத்தைச் சொல்லி விளக்கியிருக்கிறேன். ஐ.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அனைத்துலக ஒலிப்பியல் அரிச்சுவடியின் அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் எளிதாக இருக்கும். ரோமன் எழுத்துகளை ஏ, பி, டி, ஈ என்று அவற்றின் ஆங்கிலப் பெயராலேயே சொல்கிறேன். அந்த மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது தோராயமாகத்தான்.

இரண்டு மொழிகளுக்கும் நல்ல எழுத்துமுறை இருக்கிறதே, தனியாக ஒலிக்குறி எதற்கு?

ஆங்கிலத்தைவிட இரண்டுமே எவ்வளவோ தேவலை. எழுத்தைப் பார்த்தே முக்கால்வாசி சரியாக வாசித்துவிடலாம். மீதிக் கால்வாசியில்தான் வம்பு. ஸ்வீடிஷில் கே, இரட்டைப் புள்ளி வைத்த ஓ, ஆர் என்று மூன்றெழுத்தில் ஒரு சொல். 'பாடகர் குழு' என்ற பொருளில் அதன் முதல் ஒலி நம் க். 'வண்டி ஓட்டுகிறார்' என்ற பொருளில் அதே கே, ச்-க்கும் ஷ்-க்கும் நடுவிலான ஓர் உரசொலி. எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. 'கொர்த்' என்று எழுத்துக்கூட்டத் தோன்றும் இன்னொரு ஸ்வீடிஷ் சொல், சீட்டு என்ற பொருளில் 'குட்ட்' போலவும் குட்டை என்ற பொருளில் 'கொட்ட்' போலவும் ஒலிக்கும்.

மேசைக்கு இரு நாட்டிலும் ஒரே எழுத்துக்கூட்டல்தான்: பி, ஓ, ஆர், டி. ஸ்வீடன்காரர் அதைப் 'பூட்' என்பார், நார்வேக்காரர் 'பூர்' என்பார். கடைசி டி அங்கே ஒலிப்பதே இல்லை. இதையெல்லாம் வாயால் சொல்லிக் காட்ட ஆள் இல்லாதபோது குறிதான் கைகொடுக்கும். அதோடு, இரு மொழிகளின் உயிரான தொனி வேறுபாடு எழுத்தில் துளியும் தெரியாது. அதைப் பிறகு பார்ப்போம்.

சில இடங்களில் குறிகள் சாய்கோடுகளுக்குள் இருக்கின்றன, சில இடங்களில் சதுர அடைப்புக்குள். ஏன்?

சாய்கோடு என்றால் 'பொருளை மாற்றும் வேறுபாடுகளை மட்டும் எழுதியிருக்கிறேன்' என்று அர்த்தம். சதுர அடைப்பு என்றால் 'வாயில் நிஜமாக வருவதை எழுதியிருக்கிறேன்'. ஒரே சொல் இரண்டிலும் வேறு வேறாகத் தெரிவது இயல்பு. ஸ்வீடிஷ் நூல்களில் சாய்கோட்டுக்குள் ஆரும் டியும் தனித்தனியாக நிற்கும். பக்கத்துச் சதுர அடைப்பில் அவை இரண்டும் சேர்ந்து ஒற்றைக் குறியாகிவிடும். இரண்டும் சரிதான். எந்த அடைப்பு என்று பார்க்காமல் குறியை மட்டும் நகலெடுப்பதுதான் தவறு.

யாருடைய உச்சரிப்பை எழுதுவது?

மற்ற எல்லாக் கேள்விகளும் இதில்தான் போய் நிற்கும். ஒரு மொழியின் உச்சரிப்பு என்று பொதுவாக எதையும் குறிகளில் எழுத முடியாது, ஒரு வட்டாரத்தின் வாயைத்தான் எழுத முடியும். ஸ்வீடிஷில் வழக்கமாக நடு ஸ்வீடன் பேச்சை, அதிலும் ஸ்டாக்ஹோம் சுற்றுவட்டாரப் பேச்சை, அடிப்படையாகக் கொள்கிறார்கள். நார்வேயில் சங்கதியே வேறு. எழுத்து மொழிக்கு பூக்மோல், நீநோஷ்க் என்று இரண்டு அதிகாரபூர்வ வடிவங்கள் இருக்கின்றன. பேச்சுக்கு அதிகாரபூர்வத் தரம் என்று எதுவும் இல்லை. நாடாளுமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் அவரவர் ஊர்ப் பேச்சிலேயே பேசுவார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. பாடநூல்கள் தரும் ஒலிக்குறிகள் பெரும்பாலும் ஒஸ்லோவைச் சுற்றிய கிழக்கு நார்வே நகரப் பேச்சு. அது ஒரு வசதிக்காகத்தான், சட்டம் இல்லை.

வடக்கே மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குப் போன இலங்கைத் தமிழர்களின் காதில் முதலில் விழுந்தது வடநார்வேப் பேச்சு. அங்கே 'மனிதன்' என்ற சொல் 'மன்' ஆக இல்லாமல் 'மஞ்ஞ்' போல ஒலிக்கும். ஒஸ்லோ பாடநூலின் குறியை வைத்துக்கொண்டு அதைத் தேடினால் கிடைக்காது. ஆகவே நீங்கள் எதை எழுதினாலும் முதல் வரியில் 'இது ஸ்டாக்ஹோம்', 'இது பெர்கன்' என்று ஊரைக் குறித்துவிடுங்கள்.

ஆரும் டியும் சேர்ந்தால் நம் 'ட' வருகிறதாமே?

வருகிறது. தமிழ் வாசகர்களுக்கு இதில் பிறவி லாபம் உண்டு. இரு மொழிகளிலும் சாதாரண டி, என் எல்லாம் நாக்கு பல்லை ஒட்டி வரும் ஒலிகள், ஏறக்குறைய நம் த, ந. அவற்றுக்கு முன்னால் ஆர் வந்தால் இரண்டும் கரைந்து ஒரே வளைநா ஒலியாகிவிடும், அதாவது ட, ண போல நாக்கு நுனி மேலே வளைந்து வரும் ஒலி. ஃபாத் என்றால் தட்டு, ஃபாட் என்றால் வேகம். இரண்டாவதன் எழுத்துக்கூட்டலில் ஆர் இருக்கிறது, வாயில் இல்லை. குழந்தைக்கான சொல் எழுத்தில் 'பார்ன்', பேச்சில் 'பாண்'. நார்வே மொழியின் பெயரே 'நோர்ஸ்க்' என்று எழுதப்பட்டு 'நொஷ்க்' என்று ஒலிக்கிறது.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இதை விளக்க அரைப் பக்கம் வேண்டும். நமக்கு நாள் + தோறும் = நாடோறும் என்ற புணர்ச்சியே போதும். முன்னால் நிற்கும் ள் பின்னால் வரும் த-வை ட ஆக்கிவிட்டுத் தானும் மறைகிறது. அங்கே ள் செய்ததை இங்கே ர் செய்கிறது. சொல் எல்லையைத் தாண்டியும் செய்யும். ஸ்வீடிஷில் 'மிகத் தாமதம்' என்பதற்கான 'ஃபெர் சேந்த்', வேகமாகச் சொல்லும்போது 'ஃபெஷேந்த்' ஆகும். தொடராகவும் பரவும். குழந்தை நாற்காலிக்கான 'பார்ன்ஸ்தூல்' என்ற சொல்லில் ஆர் முதலில் என்-ஐ மாற்றும், அது எஸ்-ஐ மாற்றும், அது டி-யை மாற்றும், கடைசியில் 'பாண்ஷ்டூல்'.

குறிகளை நினைவில் வைப்பது சுலபம். சாதாரண டி, என், எல், எஸ் எழுத்துகளின் அடியில் வலப்பக்கம் வளையும் ஒரு கொக்கி போட்டால் வளைநா ஒலி. என் எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். வலக்கால் வெளிப்பக்கம் வளைந்தால் ண. அதே வலக்கால் உள்பக்கம் வளைந்தால் ங. இடக்கால் வளைந்தால் ஞ, மேலே சொன்ன வடநார்வேயின் 'மஞ்ஞ்' அதுதான். அச்சில் மூன்றும் ஒன்றுபோல் தெரியும், மாற்றி எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

அப்படியானால் அது அச்சு அசல் தமிழ் 'ட'வா?

முழுக்க இல்லை. தமிழ் ட-வுக்கு நாக்கு நுனி நன்றாக மடிந்து, அதன் அடிப்பக்கம் அண்ணத்தைத் தொடும். ஸ்வீடிஷ், நார்வேஜியன் ஒலியில் அவ்வளவு மடிப்பு கிடையாது. நாக்கு நுனி பல்லீறுக்குச் சற்றுப் பின்னால் பட்டுவிட்டு வரும். ஐ.பி.ஏ.வில் இரண்டுக்கும் ஒரே குறிதான். ஒரு மொழிக்குள் குழப்பம் வராதவரை குறியீட்டாளர்கள் இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்துவதில்லை. தமிழர் ஒருவர் நம் ட-வையே போட்டுப் பேசினாலும் அங்கே தெளிவாகப் புரியும், கொஞ்சம் கனமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

எல்லா ஊரிலும் இந்த வளைநா ஒலிகள் உண்டா?

கிடையாது. ஆர் எழுத்தைத் தொண்டைப் பக்கம் உரசிச் சொல்லும் பகுதிகளில் இந்த மாற்றம் நடப்பதில்லை. ஸ்வீடனில் தெற்கேயுள்ள ஸ்கோனே, நார்வேயில் பெர்கன், ஸ்தவாங்கர், கிறிஸ்தியான்சன் பக்கமெல்லாம் இப்படித்தான். அங்கே ஆருக்குரிய குறி சிறிய அளவில் எழுதித் தலைகீழாகக் கவிழ்த்த பெரிய எழுத்து ஆர். நுனிநாவால் தட்டும் ஆருக்கு மீன் தூண்டில் முள் போன்ற குறி. ஃபின்லாந்தில் பேசப்படும் ஸ்வீடிஷில் ஆர் நுனிநாவில்தான் உருளும், ஆனாலும் ஆரும் டியும் கரையாமல் தனித்தனியே ஒலிக்கும்.

'தடித்த எல்' என்று ஒன்று சொல்கிறார்களே, அது ழகரமா?

இல்லை. கிழக்கு நார்வேயிலும் ஸ்வீடனின் நடு, வடபகுதி வட்டாரப் பேச்சுகளிலும் வரும் ஒலி அது. நாக்கு பின்னுக்கு மடிந்து, முன்னோக்கி விசிறி விழும்போது ஒரு தரம் தட்டும். சூரியனுக்கான 'சூல்', பண்ணைக்கான 'கோர்' ஆகிய சொற்களின் கடைசியில் இதைக் கேட்கலாம். தமிழில் இதற்கு மிக அருகில் இருப்பது 'பாடம்' என்று சாதாரணமாகச் சொல்லும்போது நடுவில் வரும் ட. ஐ.பி.ஏ. குறி: ஆர் எழுத்து, அதன் காலில் வலப்பக்கக் கொக்கி. பாடநூல்கள் இதை விட்டுவிடுவது வழக்கம், நாட்டுப்புறப் பேச்சு என்ற பழைய மனப்பான்மைதான் காரணம். ஒஸ்லோவில் ஒரு நாள் பேருந்தில் போனாலே காதில் விழும் ஒலியை இப்படி மறைப்பது சரியில்லை.

ஸ்வீடிஷின் பேர்போன 'எஸ்-ஜே' ஒலிக்கு எந்தக் குறி?

மேலே வளைந்த தலையும், கீழே இறங்கி உள்பக்கம் வளையும் வலக்காலும் கொண்ட ஹெச். ஐ.பி.ஏ. அட்டவணையில் 'பிற குறிகள்' என்ற மூலையில் உட்கார்ந்திருக்கும். ஸ்வீடிஷ் ஒன்றுக்காகவே வைத்திருக்கும் குறி என்று சொல்லிவிடலாம்.

அட்டவணை அதற்குத் தரும் விளக்கம், 'ஷ் ஒலியும் தொண்டைப்பக்க உரசல் ஒலியும் ஒரே நேரத்தில்' என்பது. இந்த விளக்கத்தை ஒலியியலாளர்கள் பலர் ஏற்பதில்லை. வாயில் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் காற்றை உரசவிட்டு இரண்டையும் சமமாகக் கேட்கச் செய்வது நடக்கிற காரியமா என்பது அவர்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம் என்றுதான் எனக்கும் படுகிறது. நடு ஸ்வீடனில் பலரிடம் கேட்பது உதட்டைக் குவித்துக்கொண்டு பின்வாயில் ஊதும் ஓர் உரசல், ஏறத்தாழ 'ஹ்வ்'. தெற்கே இன்னும் தொண்டைக்குள் போகும். வடக்கிலும் ஃபின்லாந்திலும் சாதாரண ஷ் போல வரும். ஒரே ஆள் சொல்லின் தொடக்கத்தில் ஒன்றும் கடைசியில் இன்னொன்றுமாகச் சொல்வதும் உண்டு.

அப்படி இருந்தும் இந்தக் குறி ஏன் நிலைத்துவிட்டது? அது உச்சரிப்பைத் துல்லியமாகச் சொல்வதால் இல்லை. 'இந்த இடத்தில் உங்கள் ஊர் வழக்கப்படி எஸ்-ஜே ஒலியைப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் அடையாளமாக அது உதவுகிறது. சாய்கோட்டுக்குள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சதுர அடைப்புக்குள் போடும்போது உண்மையில் கேட்டது என்ன என்று யோசித்து, தேவைப்பட்டால் வேறு குறி போடுங்கள்.

இந்த ஒலி எழுத்தில் வரும் வேடங்கள் ஏராளம்: எஸ்-ஜே, எஸ்-கே-ஜே, எஸ்-டி-ஜே, முன்னுயிருக்கு (இ, எ போல நாக்கு முன்னால் நிற்கும் உயிர்) முன்னால் வரும் எஸ்-கே, பிரெஞ்சிலிருந்து வந்த சொற்களில் ஜி. கடல் நோயில் வாடும் ஏழு மாலுமிகளைப் பற்றிய நாப்பழக்கச் சொற்றொடர் ஒன்றை அங்கே குழந்தைகள் சொல்லி விளையாடுவார்கள், 'ஷூ ஷேஷூக்கா ஷேமென்' என்று தொடங்கும். பழக இதைவிட நல்லது கிடையாது.

நார்வேஜியனின் 'கே-ஜே' ஒலியும் ஸ்வீடிஷின் 'டி-ஜே' ஒலியும் ஒன்றா?

அண்ணன் தம்பி ஒலிகள், ஒன்று இல்லை. நார்வேஜியனுக்கு அடியில் வால்குறி போட்ட சி, ஸ்வீடிஷுக்கு அடிமுனை சுருண்ட சி. நார்வேஜியன் ஒலிக்கு நாக்கின் நடுப்பகுதி வன் அண்ணத்தை நோக்கி எழும். ஸ்வீடிஷில் சற்று முன்னால் வரும். ஃபின்லாந்து ஸ்வீடிஷில் இதன் முன்னால் ஒரு த் ஒட்டிக்கொள்ளும், 'பச்சை' என்பதில் வரும் ச்ச்-க்குப் பக்கத்தில் போய்விடும்.

நார்வேயில் இந்த ஒலி பற்றி ஓயாத சண்டை ஒன்று நடக்கிறது. பெர்கன், ஸ்தவாங்கர், ஒஸ்லோ பக்கத்து இளையவர்கள் பலர் இதை ஷ் ஒலியோடு கலந்துவிட்டார்கள். அவர்கள் வாயில் 'அன்புள்ள' என்ற சொல்லும் 'வெட்டு' என்ற சொல்லும் ஒன்றாகவே 'ஷேரெ' என்று வரும். மூத்தவர்களுக்கு இது காதில் முள். மொழியியலாளர்கள் இதை இயல்பான மாற்றமாகத்தான் பார்க்கிறார்கள். பேசியவர் ஷ் என்று சொல்லியிருந்தால் ஷ்-வின் குறியைத்தான் போட வேண்டும், எழுத்துக்கூட்டலைப் பார்த்துத் திருத்தக் கூடாது.

உயிரொலிகளில் எதற்கு அதிகம் கவனம் தேவை?

மூன்று சொற்களைச் சொல்கிறேன், இரு மொழிக்கும் பொது. அம்மா, சுவர், சதுப்பு நிலம். தமிழ்க் காதில் மூன்றும் 'மூர்'. அங்கே மூன்றும் வேறு வேறு சொற்கள், எழுத்திலும் முறையே ஓ, யூ, ஒய் என்று வேறு உயிர்கள். நான் பார்த்தவரை தமிழர்கள் அதிகம் தடுமாறுவது வளைநா ஒலியிலோ எஸ்-ஜே ஒலியிலோ இல்லை, இந்த மூன்றில்தான்.

அம்மாவில் வருவது நம் ஊ. குறியும் சாதாரண யூதான். ஆனால் உதடு நம்மைவிட நன்றாகக் குவிய வேண்டும். சதுப்பு நிலத்தில் வருவது, நாக்கை 'ஈ' இடத்திலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் முன்னே நீட்டினால் கிடைக்கும் ஒலி. குறி ஒய். சுவரில் வருவதுதான் கஷ்டம். அதன் குறி, நடுவில் குறுக்குக்கோடு போட்ட யூ. நாக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. உதடு முன்னே நீளாமல் மேலும் கீழும் இறுகிச் சுருங்கும். ஸ்வீடிஷில் நாக்கு நார்வேஜியனைவிடச் சற்று முன்னால் நிற்கும்.

இங்கே ஐ.பி.ஏ.வின் குறை ஒன்று வெளிப்படுகிறது. உதடு குவிவது, குவியாதது என்ற இரண்டு நிலைதான் அதன் அட்டவணையில் உண்டு. ஸ்வீடிஷிலும் நார்வேஜியனிலும் நீட்டிக் குவிப்பது, இறுக்கிக் குவிப்பது என்று இரண்டு வகைக் குவிப்பு இருக்கிறது. ஒய்க்கும் கோடு போட்ட யூவுக்கும் இடையே காது பிடிக்கும் வித்தியாசத்தில் பாதி இதுதான். இதைக் காட்டத் தனிக் குறி இல்லாததால் எழுதுகிறவர்கள் மேற்குறிகளை ஒட்டவைத்தோ அடிக்குறிப்பு போட்டோ சமாளிக்கிறார்கள்.

நெடிலுக்கும் குறிலுக்கும் நீளம் மட்டுமே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், தரமே மாறும். ஸ்வீடிஷில் கோடு போட்ட யூவின் குறில், குறுக்கே படுக்கைக்கோடு போட்ட ஓ. இதையும், சாய்வுக்கோடு போட்ட ஓவையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. சாய்வுக்கோடு ஓ என்பது நாக்கை 'ஏ' இடத்தில் வைத்து உதட்டைக் குவித்த ஒலி. ஆருக்கு முன்னால் இரட்டைப் புள்ளி உயிர்களுக்கு வாய் இன்னும் திறக்கும், அதற்கு ரோமன் ஏ-யும் ஈ-யும் ஒட்டிய குறி, ஓ-வும் ஈ-யும் ஒட்டிய குறி. நார்வேஜியனில் ஆடு என்ற சொல்லின் 'ஏ-யூ' கூட்டுயிரை 'அவ்' என்று வாசிக்கத் தோன்றும். வாய் சொல்வதோ ஒட்டிய ஏ-ஈ-யில் தொடங்கிக் கோடு போட்ட யூவில் முடியும் ஒலி. முதல் தடவை அதைக் குறிகளில் பார்க்கிறவர்கள் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள்.

'விபி ஈ' என்று கேள்விப்பட்டேன். அது என்ன?

ஸ்வீடனில் நெர்க்கே மாநிலத்து விபி என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் ஒரு வகை நெடில் ஈ. ஸ்டாக்ஹோமை அடுத்த லிதிங்யே தீவிலும் பேர்போனது, அங்கே வசதியானவர்களின் பேச்சோடு சேர்த்துக் கேலி செய்வார்கள். யோத்தெபோர் (கோதன்பர்க்) நகரிலும் உண்டு. ஈ சொல்லும்போதே வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓர் அதிர்வு சேரும். இதற்கு ஒருமனதான குறி இல்லை, ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். துல்லியமான ஆய்வு செய்யாதவரை சாதாரண ஐ குறியே போதும்.

நீளத்தை எங்கே குறிப்பது, உயிரிலா மெய்யிலா?

அழுத்தம் விழும் அசையில் ஏதாவது ஒன்று நீளும்: உயிர் நீண்டால் மெய் குறுகும், மெய் நீண்டால் உயிர் குறுகும். கூரை 'தாக்', நன்றி 'தக்க்'. நெடில் குறில் வேறுபாடும் இரட்டிப்பும் ரத்தத்தில் ஊறிய நமக்கு இது விளையாட்டு. நீளத்தைக் காட்டும் குறி, இரண்டு சிறு முக்கோணங்கள் எதிரெதிராக நிற்பது. கணினியில் பலர் முக்காற்புள்ளியையே போடுகிறார்கள். உயிரின் நீளத்தை எழுதிவிட்டால் மெய்யின் நீளம் தானாகத் தெரியும் என்று அதை விட்டுவிடும் நூல்களும் உண்டு.

தொனியை எப்படிக் குறிப்பது?

ஸ்வீடிஷில் 'அந்தென்' என்று எழுதப்படும் சொல்லுக்கு இரண்டு பொருள்: அந்த வாத்து, அந்த ஆவி. இரண்டையும் பிரிப்பது குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே. 'தொம்தென்' என்றால் ஒரு தொனியில் வீட்டு மனை, மறு தொனியில் கிறிஸ்துமஸ் குள்ளர். நார்வேஜியனில் விவசாயிகளும் அவரைக்கொட்டைகளும் 'பென்னெர்' என்ற ஒரே ஒலிக்கோவையில் தொனியால் பிரிகிறார்கள். இப்படி ஸ்வீடிஷில் மட்டும் சுமார் 350 இணைகள் இருப்பதாகக் கணக்கு.

காரணம் சுவாரசியமானது. வாத்து என்ற சொல் ஓரசை, 'அந்த்'. அதோடு 'அந்த' என்ற பொருள் தரும் பின்னொட்டு சேர்ந்து ஈரசை ஆனது. ஆவியோ முதலிலிருந்தே ஈரசை, 'அந்தெ'. பழைய மொழியில் ஓரசையாக இருந்தது முதல் தொனியையும், ஈரசையாக இருந்தது இரண்டாம் தொனியையும் இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறது. பின்னொட்டு ஒட்டிப் பல நூற்றாண்டு ஆகியும் குரலுக்கு அது நினைவிருக்கிறது.

குறிப்பது எப்படி என்றால், அசைக்கு முன் மேலே சிறியதாக 1 அல்லது 2 போடுவது பரவலான வழி. நானும் அதையே சிபாரிசு செய்வேன். அழுத்தக் குறியை இரண்டாம் தொனிக்கு இரட்டையாகப் போடுகிறவர்களும் உண்டு. ஐ.பி.ஏ.வில் இரட்டை அழுத்தக் குறிக்கு 'மிகை அழுத்தம்' என்று வேறு பொருள் இருப்பதால் அது குழப்பும். மூன்றாவது வழி, குரல் உண்மையில் ஏறி இறங்குவதை உயிரெழுத்தின் தலையில் வரைவது. இது துல்லியமானது, ஆனால் உடனே ஊர்ப் பிரச்சினையில் மாட்டிக்கொள்ளும். ஸ்டாக்ஹோமில் இரண்டாம் தொனிக்கு இரண்டு முகடுகள். ஸ்கோனேயிலும் தாலர்னாவிலும் ஒரே முகடு. ஒஸ்லோவில் முதல் தொனி தாழ்விலிருந்து ஏறும், இரண்டாவது உயரத்திலிருந்து இறங்கி மறுபடி ஏறும். ஆகவே ஸ்டாக்ஹோமுக்கு வரைந்த கோட்டை ஒஸ்லோவில் போட முடியாது. எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. 'இது இரண்டாம் வகை, எப்படிப் பாடுவது என்பது உங்கள் ஊர்ப் பாடு' என்று அது ஒதுங்கிக்கொள்ளும்.

தொனியைப் பிடிக்கவே முடியவில்லை என்கிறவர்களுக்கு ஓர் ஆறுதல்: ஃபின்லாந்து ஸ்வீடிஷில் இந்த வேறுபாடே இல்லை, பெர்கனுக்கு வடக்கே சில இடங்களிலும் இல்லை. அவர்கள் பேச்சு யாருக்கும் புரியாமல் போகவில்லை.

பழைய நூல்களில் ஐ.பி.ஏ. போலவே இல்லாத குறிகள் வருகின்றனவே?

ஐ.பி.ஏ.வுக்கு முந்தியவை அவை. அதை உருவாக்கிய சங்கம் பாரிஸில் பால் பாஸி முயற்சியில் தொடங்கியது 1886ல். அதற்கு 8 ஆண்டு முன்பே, 1878ல், உப்சாலாவில் ஜே. ஏ. லுண்டெல் ஸ்வீடிஷ் வட்டாரப் பேச்சுகளுக்கென்று சாய்வெழுத்தில் ஓர் அரிச்சுவடி செய்துவிட்டார். நார்வேயில் யோஹான் ஸ்தூர்ம் 1884ல் 'நொர்வேகியா' என்ற ஒலிக்குறி முறையை வெளியிட்டார். வட்டார வழக்கு ஆவணங்களில் ஆயிரக்கணக்கான அட்டைகள் இந்தக் குறிகளில் இருப்பதால் ஆய்வு மாணவர்கள் இவற்றைக் கற்றே ஆக வேண்டும். சின்னச் சின்ன வேறுபாடுகளுக்கும் தனி எழுத்து வைத்திருப்பது இவற்றின் பலம். அதுவே பலவீனமும்: வெளிநாட்டவருக்குப் புரியாது, கணினியில் எழுத்துருவுக்கும் திண்டாட்டம்.

ஸ்வீடிஷ் அகாதெமியின் பேரகராதி இன்னொரு வழி போகிறது. 1890களில் வெளிவரத் தொடங்கி 2023ல்தான் முடிந்த அந்த அகராதியில் சொல்லுக்கு நடுவே எண்கள் தெரியும். 4 என்றால் முதல் தொனி, 3 என்றால் இரண்டாம் தொனி, 2 துணை அழுத்தம். மேலே நான் சொன்ன 1, 2 எண்களோடு இதைக் கலந்துவிடாதீர்கள்.

கணினியில் இந்தக் குறிகளைத் தட்டச்சு செய்வது எப்படி?

இன்று இணையத்தில் ஐ.பி.ஏ. விசைப்பலகைகள் நிறைய இருக்கின்றன, சொடுக்கி நகலெடுத்தால் போதும். பேச்சுத் தொழில்நுட்பக் கோப்புகளில் மட்டும் எக்ஸ்-சாம்பா என்ற முறை எதிர்ப்படும். சாதாரண விசைகளை மட்டும் கொண்டு ஐ.பி.ஏ. முழுவதையும் எழுத ஜான் வெல்ஸ் 1995ல் வகுத்தது. அதில் வளைநா ஒலிக்கு எழுத்தின் பின்னால் ஒரு சாய்ந்த ஒற்றைக் குறி, எஸ்-ஜே ஒலிக்கு எக்ஸ் போட்டுப் பின்சாய்கோடு, சுவரின் உயிருக்கு மூடும் நெளிவு அடைப்பு. பார்க்க விகாரம், இயந்திரத்துக்கு வசதி.

தமிழ் எழுத்திலேயே உச்சரிப்பை எழுதிக்கொள்ளலாமா?

சொந்த நோட்டில் தாராளமாக எழுதலாம். த-ட, ந-ண, ல-ள, ஸ-ஷ என்று ஸ்கண்டிநேவிய மொழிகளுக்குத் தேவையான நான்கு ஜோடிகள் நம் எழுத்தில் தயாராக இருக்கின்றன, ரோமன் எழுத்தில் இல்லை. பிழைப்பது இரண்டு இடத்தில். உயிரொலிகள் முதலாவது, மூன்று 'மூர்' கதை தெரியும்தானே. அப்புறம், ப என்று எழுதினால் 'பல்' என்பதில் வரும் ப-வா 'கம்பம்' என்பதில் வரும் மெல்லிய ப-வா, க என்றால் கே-யா ஜி-யா என்று தெரியாது. உயிருக்கு மட்டும் ஐ.பி.ஏ. குறியை மேலே எழுதிக்கொண்டு மெய்யைத் தமிழில் வைத்துக்கொள்வது நடைமுறையில் நன்றாக வேலை செய்யும்.

நார்வே பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, குடியேறியவர்களுக்கான லெக்சின் என்ற இணைய அகராதியில் பூக்மோல்–தமிழ் இருக்கிறது. பொருளை அங்கே பார்த்துக்கொண்டு, உச்சரிப்பைக் குறிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஒரு முழுச் சொல்லைக் குறிகளில் எழுதிக் காட்ட முடியுமா?

செவிலியருக்கான ஸ்வீடிஷ் சொல்லை எடுப்போம், எழுத்தில் 'சிஜூக்ஸ்கெதெர்ஸ்கா' மாதிரி பயமுறுத்தும். ஸ்டாக்ஹோம் பேச்சு என்று முதலில் குறித்துக்கொள்கிறோம். கூட்டுச்சொல், அதனால் இரண்டாம் தொனி: தொடக்கத்தில் மேலே 2, பிறகு அழுத்தக் குறி. அடுத்து எஸ்-ஜே ஒலியின் வளைந்த ஹெச், கோடு போட்ட யூ, நீளக்குறி, கே. இரண்டாம் பாதிக்கு வரிக்கு அடியில் துணை அழுத்தக் குறி. மறுபடி அதே வளைந்த ஹெச், ஏனென்றால் இங்கே எஸ்-கே-க்குப் பின் முன்னுயிர் வருகிறது. சாய்வுக்கோடு ஓ, நீளக்குறி, டி, திறந்த எகரத்துக்குரிய கிரேக்க எப்சிலான் வடிவம். ஆரும் எஸ்ஸும் கரைந்து கொக்கி போட்ட எஸ். கடைசியில் கே, ஏ.

நார்வேயில் அதே ஆள் 'சீக்கெப்ளையெர்'. மேலே 2, எஸ், ஒய், நீளக்குறி, கே, தலைகீழ் ஈ, துணை அழுத்தம், பி, எல், ஒட்டிய ஏ-ஈ, அதன் பின் சிறிய ஐ, மறுபடி தலைகீழ் ஈ, ஆர். அழுத்தமில்லாத ஈ ஒஸ்லோவில் மங்கித் தலைகீழ் ஈ ஆகிறது. ஸ்வீடிஷில் அவ்வளவு மங்காது, அதனால்தான் அங்கே எப்சிலான் போட்டோம்.

ஸ்வீடிஷ் சொல்லையே ஹெல்சிங்கியில் கேட்டால் மேலே உள்ள 2 போய்விடும். வளைந்த ஹெச் இரண்டும் ஷ்-வின் குறியாகும். கொக்கி எஸ் இருந்த இடத்தில் ஓர் ஆரும் ஓர் எஸ்ஸும் தனித்தனியே வந்து நிற்கும்.